பெரியக்கா கலந்த பொடி

பெரியக்காவை நான் முதலில் பார்த்தேன் என்று சொல்வது சரியாகாது. அவர் குரலைத்தான் முதலில் கேட்டேன். சலவைக்கூடத்தின் இஸ்திரிப் பகுதிக்குள் கண்ணாடி போட்டவன் நுழைந்தால் அந்த நிமிஷமே குருடாகிவிடுவான். ஆவி அப்படி. நானும் வாசலிலேயே நின்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“தொடைச்சுப் பிரயோஜனமில்ல தம்பி. அதைப் பையில போட்டுட்டு மெதுவா நடந்து வாங்க. சுவர் வந்தா தானா இடிக்கும்.”

சுற்றிலும் பெண்கள் சிரித்தார்கள். நடந்தேன். ஆவி விலகியபோது ஆள் நீளத்துக்குப் படுத்துக்கிடந்த ஓர் இரும்பு இஸ்திரி உருளை தெரிந்தது. அதன் வாயில் ஈர விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்து ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் தெரிந்தார். ஐம்பதைத் தொட்டிருப்பார். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். முன்கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்புகள், சின்னச் சின்னப் பிறைகளாக. விரிப்பு சுருக்கமில்லாமல் உருளைக்குள் போய்ச் சேரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. சேர்ந்த பிறகுதான், “ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் வரும்னு சொன்னாங்க. இவ்வளவு சின்ன ஆளா வரும்னு சொல்லல” என்றார்.

அந்தக் கூடத்தில் வேலை செய்த மூன்று சகோதரிகளில் மூத்தவர் அவர். அதனால் எல்லோருக்கும் பெரியக்கா. மேற்பார்வையாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் மருத்துவமனையின் உணவாய்வுப் பிரிவில் களப்பணியாளன். பயறு விதைக்கிற வீட்டில் பிறந்து, அந்தப் பயற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பேசுகிற வேலைக்கு வந்தவன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். என் பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும், அட்டைப் பெட்டியில் பொடிப் பொட்டலங்களும் இருந்தன. மருத்துவமனையின் விரிப்புகளும் போர்வைகளும் இந்தக் கூடத்துக்குத்தான் சலவைக்கு வரும். அடிக்கடி தலைசுற்றலென்று புறநோயாளிப் பிரிவுக்கு வந்த பெண்களில் பலர் இங்கே வேலை செய்பவர்கள் என்பதைக் கவனித்த எங்கள் டாக்டரம்மா, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இடங்களில் இதையும் சேர்த்திருந்தார்.

மதிய இடைவேளையில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினேன். பயறு, கடலை, பட்டாணி போன்ற விதைகளை அரைத்து, கொழுப்பையும் மாவுச்சத்தையும் நீக்கி, புரதத்தை மட்டும் பிரித்து உலர்த்திய பொடி இது. செடி முளைத்து வரும்போது பசியாறட்டும் என்று விதை தனக்குள்ளே சேர்த்துவைத்த புரதம். அது நம் வயிற்றில் செரித்துத் துண்டு துண்டாக உடையும்போது, அவற்றில் சில துண்டுகள் ரத்தக் குழாய்களின் இறுக்கத்தைத் தளர்த்தலாம். கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். ‘குறைக்கும்’ என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. மனித உடம்பில் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கத்தானே இந்த ஆய்வு.

“அப்போ குஞ்சுக்குன்னு தாய் வெச்ச சோத்த நாம திருடித் தின்னப்போறோம்” என்றார் பெரியக்கா.

“காலங்காலமா திருடிக்கிட்டுத்தானே இருக்கோம். இப்ப பொட்டலம் கட்டித் திருடுறாங்க, அவ்வளவுதான்” என்றார் வெளுப்புத் தொட்டியில் சோடா கலக்குகிறவர். அவரை எல்லோரும் சோடாக்கா என்பார்கள். வாயும் அப்படித்தான் சட்டென்று பொங்கும்.

சிரிப்பு அடங்கியதும் முக்கியமான விஷயத்துக்கு வந்தேன். பாதிப் பேருக்குத்தான் பயற்றுப் புரதம். மீதிப் பேருக்குப் பார்வைக்கும் ருசிக்கும் அதேபோல இருக்கும் வெறும் மாவு. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. பொட்டலத்தின் மேல் அவரவர் எண் மட்டும் இருக்கும்.

“மாவுன்னா? நாம துணிக்குப் போடுற கஞ்சி மாவா?” என்றார் சோடாக்கா. “வெறப்பா நிப்போம்டி இனிமே.”

பெரியக்கா சிரிக்கவில்லை. “ஒரே பந்தியில ஒருத்திக்குச் சோறு. பக்கத்துல உக்காந்தவளுக்கு வெறும் தட்டு. இதைத்தான தம்பி சொல்றீங்க?”

“அப்படிப் பிரிச்சுக் குடுத்தாத்தான்க்கா பொடி வேலை செய்யுதான்னு தெரியும்.”

“யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும்.”

“எங்களுக்குத் தெரியறதுக்குள்ள எங்கள்ல யாராவது போயிட்டா?”

நான் ஒப்புதல் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியக்காவே கையை நீட்டி, “சரி, குடுங்க. கையெழுத்து எங்க போடணும்?” என்றார். அவர் போட்டதும் மற்றவர்கள் வரிசையாகப் போட்டார்கள்.

அன்றைக்கு எடுத்த ரத்த அழுத்த அளவுகளில் அதிகமாக இருந்தது சின்னக்காவுக்கு. மூன்று சகோதரிகளில் கடைசி. துவைத்த துணியின் தண்ணீரைச் சுழற்றி எடுக்கும் எந்திரத்திலிருந்து ஈரத்துணியைக் கட்டுக்கட்டாக வாரி அக்காவின் உருளைக்குக் கொண்டுவந்து போடுவது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். அவரிடம் எதைக் கேட்டாலும் பெரியக்காதான் பதில் சொல்வார். “தலை சுத்துதாக்கா?” என்று நான் கேட்டால், “சாயங்காலம் கொஞ்சம் சுத்தும், இல்லடி?” என்று அக்கா சொல்ல, தங்கை தலையசைப்பார்.

கருவியில் எண் ஓடி நிற்கும்வரை பெரியக்கா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முறையின்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

காரணத்தைச் சோடாக்கா சொன்னார். பெரியக்கா உருளைக்குத் திரும்பிய பிறகு, வெளியே குழாயடியில். “நடுவுல ஒருத்தி இருக்கா தம்பி. நடுவக்கா. அந்த உருளைக்கு மறுபக்கம் நின்னு விரிப்பை வாங்குறவ அவதான். அக்கா ஊட்டுவா, இவ வாங்கி மடிப்பா. ஒருநாள் விரிப்பு வந்து வந்து தரையில விழுது. என்னடி தூங்குறியான்னு பெரியக்கா திட்டுறா. பதில் இல்ல. எட்டிப் பாத்தா, கீழ கெடக்கா. மேல சூடு விரிப்பு மூடிக் கெடக்கு.” சோடாக்கா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். “உசுரு இருக்கு. வலது பக்கம் போயிடுச்சு. பேச்சும் ஒண்ணு ரெண்டு வார்த்தைதான். அவளும் பிரஷர்தான். மாத்திரை தின்னுக்கிட்டுத்தான் இருந்தா, என்ன பிரயோஜனம்? இப்ப பெரியக்காவுக்கு ஒரே நெனப்புதான். சின்னவளும் அப்படி விழுந்துடக்கூடாது.”

அதன்பிறகு மாதாமாதம் போனேன். காலிப் பொட்டலங்களை எண் பார்த்து வாங்கிக்கொள்வேன், அழுத்தம் பார்ப்பேன், புதுப் பொட்டலங்களைக் கொடுப்பேன். மற்ற இடங்களில் இந்த வேலை பெரும்பாடு. ஒருவர் பொடியை நாய்க்குப் போட்டிருப்பார். இன்னொருவர் பொட்டலத்தைப் பிரிக்காமலே பரணில் வைத்திருப்பார். சலவைக்கூடத்தில் ஒரு பொட்டலம்கூட மிச்சம் வராது. காலிப் பைகளை எண் வாரியாக அடுக்கி, கிழிந்த துண்டுத் துணியால் கட்டி, தயாராக வைத்திருப்பார் பெரியக்கா. “உன் சலவைக்காரங்க மாதிரி எல்லாரும் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்” என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார். கேட்க நன்றாக இருந்தது.

அவர்கள் சாப்பிடுகிற இடத்தில் சில நாள் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மடித்த போர்வைகள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே ஒரு சின்ன இடம். எல்லோருடைய சாப்பாட்டு டப்பாக்களும் மூடி திறந்து நடுவில் வந்துவிடும். ஒருத்தி டப்பாவில் முட்டை இருக்கும். இன்னொருத்தியுடையதில் வெறும் சோறுதான் இருக்கும். பெரியக்கா பிரித்துப் போட்ட பிறகு யார் எதைக் கொண்டுவந்தார் என்று யாராலும் சொல்லமுடியாது. முட்டை எத்தனை துண்டாக வேண்டுமானாலும் ஆகும். அதில் அவர் கை தவறாது. ஒருமுறை சோடாக்கா, “எனக்கு மஞ்சக்கரு கம்மி” என்றபோது, “உன் வாய்க்கு வெள்ளைக்கருவே அதிகம்” என்றார். ஆனாலும் தன் தட்டிலிருந்த துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டார்.

பொடியை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “சாப்பாட்டுக்கு முன்னாடி, தண்ணியில கலக்கி” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது பொய்யுமில்லை.

மாதங்கள் போகப் போக, பலருடைய அளவு அப்படியே இருந்தது. சிலருக்குக் கொஞ்சம் இறங்கியது. சோடாக்காவுக்கு இறங்கியிருந்ததைச் சொன்னபோது, “பாத்தியா, நான் கத்துறது கொறஞ்சுதுன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. காது போச்சோன்னு பயந்துட்டாராம்” என்றார். சின்னக்காவுக்கு மட்டும் இறங்கவே இல்லை. மெல்ல மெல்ல ஏறியது. ஒவ்வொரு முறையும் கருவியின் பட்டையைத் தங்கை கையில் சுற்றுகிறபோது பெரியக்கா உருளையை நிறுத்திவிட்டு வந்து நிற்பார். எண்ணைப் பார்ப்பார். திரும்பிப் போவார். உருளை மறுபடி சுழலும்.

கடைசியாக ஒரு மாதம், கருவி காட்டியதைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடியும் அதேதான். அந்த அளவைத் தாண்டினால் ஆளை உடனே டாக்டரம்மாவிடம் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி.

“அக்கா, சின்னக்காவ இப்பவே டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போகணும்.”

“எவ்வளவு?” என்றார் பெரியக்கா. சொன்னேன். கையிலிருந்த விரிப்பை மடிக்காமல் அப்படியே கூடையில் போட்டார். அவர் அப்படிச் செய்து அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

டாக்டரம்மாவின் அறை சின்னது. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலிதான். சின்னக்கா உட்கார்ந்தார். பெரியக்கா உட்காராமல் தங்கையின் தோளில் கை வைத்து நின்றார். டாக்டரம்மா தன் கையாலேயே மறுபடி அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார்.

“பொடி ஆய்விலேர்ந்து இவங்கள நிறுத்திடுறேன். மாத்திரை எழுதித் தரேன். இன்னைக்கே ஆரம்பிக்கணும்.”

“மாத்திரை வேணாம்மா” என்றார் பெரியக்கா. “பொடிய முழுசாக் குடுங்க. அது போதும்.”

“முழுசாத்தானே குடுக்கிறோம்?”

பெரியக்கா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “குடுக்கிறது முழுசுதான். இவ சாப்பிட்டது முழுசில்ல. யாருமே முழுசாச் சாப்பிடல.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “புரியலம்மா. கொஞ்சம் தெளிவாச் சொல்லுங்க.”

“தம்பி பொட்டலத்தக் குடுத்துட்டுப் போனதும் எல்லாத்தையும் பிரிச்சு ஒரே டப்பாவுல கொட்டிடுவேன். கஞ்சி மாவு வந்த டப்பா, நல்லா கழுவினதுதான். கரண்டியால நல்லா கலக்கிட்டு, மதியம் ஆளுக்கு ஒரு கரண்டி. யாரு எண்ணுல நல்லது இருக்கு, யாரு எண்ணுல மாவு இருக்குன்னு தெரியாதுன்னு தம்பி சொல்லிச்சு. தெரியாதுன்னா கலந்துட்டாத்தானே நியாயம்? ஆளுக்குப் பாதியாவது நல்லது போய்ச் சேருமில்ல. பந்தி வஞ்சனை பண்ண எனக்கு மனசு வரலம்மா.”

நான் காலிப் பொட்டலங்களை நினைத்துக்கொண்டேன், துண்டுத் துணியால் கட்டிய அந்த அடுக்குகளை.

டாக்டரம்மா சிரித்துவிடுவாரோ, கத்திவிடுவாரோ என்று பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேட்டைத் தேய்த்துக்கொண்டார். “ஆரம்பத்துலேர்ந்தேவா?”

“ஆமாம்மா.”

“எல்லாருமா?”

“எல்லாருந்தான். அவங்க மேல தப்பில்ல. கலந்தது நான். இப்ப எதுக்குச் சொல்றேன்னா, இவளுக்குப் பாதிதான் போயிருக்கு. அதான் கேக்கல. முழுசாக் குடுத்துப் பாருங்க. என் பங்கையும் சேத்துக் குடுங்க, எனக்கு வேணாம்.”

அவர் ஒப்புக்கொண்டது மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. தங்கைக்கு இன்னொரு பங்கு கிடைக்க வேண்டும், அதற்காகத்தான். அது எனக்கு அப்போதே தெரிந்தது.

டாக்டரம்மா தன் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, பெரியக்காவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தான் நின்றுகொண்டார்.

“பெரியவங்களே, நான் சொல்றதக் கேளுங்க. அந்தப் பொடி நல்லதுதான். நல்லதா இருக்கும்னுதான் நானும் இவ்வளவு வருஷமா இதுலயே கெடக்கேன். ஆனா அது நல்லா வேலை செஞ்சாலும் நாலு படி இறக்கும். உங்க தங்கச்சி மாடியோட உச்சியில நிக்கிறாங்க. நாலு படி இறங்கினா போதுமா?”

“ரெண்டு பங்கு சாப்பிட்டா எட்டுப் படி இறங்காதா?”

“இறங்காதும்மா. சாப்பாடு அப்படி வேலை செய்யாது. கொஞ்சம் ஏறினவங்க இன்னும் ஏறாம இருக்கலாம், அவ்வளவுதான். இவங்களுக்கு மாத்திரைதான் வேணும். அதோட பயறும் சாப்பிடட்டும், நான் வேணாங்கல.”

“மாத்திரை சாப்பிட்டவ கதி தெரியும்மா எனக்கு.” பெரியக்காவின் குரல் முதல்முறையாக உடைந்தது. “என் நடுத்தங்கச்சி தின்னா. தினம் காலையில நானே கையில குடுப்பேன். என் கண்ணு முன்னால வாயில போட்டுத் தண்ணி குடிப்பா. அப்படியும் விழுந்தா. உருளைகிட்ட விழுந்தா. அந்த மாத்திரையில இவள நான் எப்படி ஒப்படைப்பேன்?”

டாக்டரம்மா கேட்டார்: “அவங்கள நான் பாக்கலாமா?”

அன்றைக்குச் சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனோம். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. படிக்கட்டின் ஒரு பக்கச் சுவரில் ஆணியடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள், ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை நடுவக்காவைக் கீழே இறக்கும்போது பிடித்துக்கொள்ள. முன்னறையில் ஜன்னலோரமாகக் கை வைத்த நாற்காலி ஒன்று. அதில் நடுவக்கா உட்கார்ந்திருந்தார். வலது கையை ஒரு தலையணைமேல் எடுத்து வைத்திருந்தார்கள். மடியில் கைக்குட்டைகள். பெரியக்கா சலவைக்கூடத்திலிருந்து கொண்டுவந்து கொடுப்பாராம், பொழுது போக. இடது கையால் ஒவ்வொன்றாக மடித்து நாற்காலிக் கையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால் மடித்தது என்று சொல்லவே முடியாது.

“டாக்டரம்மாடி” என்றார் பெரியக்கா, கொஞ்சம் சத்தமாக. “சத்தமாப் பேச வேண்டாம், நல்லாக் கேக்கும்” என்று படியேறும்போது என்னிடம் சொன்னவரும் அவர்தான்.

நடுவக்கா இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் வணக்கம் சொன்னார். பாதி முகம் சிரித்தது.

டாக்டரம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில். கொஞ்ச நேரம் கையைக் காலைப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். “விழறதுக்கு முன்னாடி மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தீங்களாமே. தினமும் சாப்பிட்டீங்களா?”

“ஒரு நாள் விட்டதில்லம்மா” என்றார் பெரியக்கா. “நானே…”

நடுவக்காவின் இடது கை நாற்காலியை ஓங்கித் தட்டியது. அடுக்கிய கைக்குட்டைகள் சரிந்து விழுந்தன.

“இ… இல்ல.”

“என்னடி இல்ல?”

நடுவக்காவின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வார்த்தை வரவில்லை. நெற்றியில் வியர்வை வந்தது. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுழற்றிவிட்டார்கள். அது சுற்றி ஓயும்வரை கேட்டது.

“தி… ன்னல.”

இடது கையின் விரலை வாய்க்குள் விட்டு, நாக்கைத் தூக்கி அடியைக் காட்டினார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

“நாக்குக்கு அடியில வெச்சுக்கிட்டு, அப்புறம் துப்பிட்டீங்களா?” என்றார் டாக்டரம்மா.

தலையசைத்தார்.

“மாத்திரை போட்டா தலை சுத்துச்சா? நின்னு வேலை செய்ய முடியலையா?”

மறுபடி தலையசைத்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதிக் காட்ட முடியாது. இத்தனை வருஷம் அதைச் சொல்ல முடியாமல், ஒருவேளை சொல்லவும் விரும்பாமல், அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் அவர்.

“ஏண்டி?” என்றார் பெரியக்கா. குரலில் கோபமில்லை. “தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதா? நான் என்ன அடிச்சிருப்பேனா?”

சின்னக்கா குனிந்து, கீழே விழுந்த கைக்குட்டைகளைப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே பேசினார். அவர் இத்தனை வார்த்தைகள் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. “உங்கிட்ட யாருக்கா சொல்லுவா? தலை சுத்துதுன்னா உருளை வேண்டாம்னு வீட்டுல உக்கார வெச்சிடுவ. எங்களுக்கு வேணும்ங்கிறத நீ பாத்துப் பாத்துக் குடுத்துடுவ. வேணாம்ங்கிறத உங்கிட்ட சொல்லத்தான் முடியாது.”

பெரியக்கா எழுந்தார். “டாக்டரம்மாவுக்குத் தண்ணி கொண்டாரேன்” என்று உள்ளறைக்குப் போனார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கைக்குட்டைகளை நடுவக்காவின் மடியில் வைத்துவிட்டு, சின்னக்கா டாக்டரம்மாவைப் பார்த்துத் திரும்பினார். “அம்மா, அந்த மாத்திரைய எழுதிக் குடுங்க. தலை சுத்தினா உங்ககிட்ட வந்து சொல்லட்டுமா?”

“எங்கிட்டயே வந்து சொல்லுங்க. சுத்தாத மாத்திரையும் இருக்கு. மாத்தித் தரேன்.”

பெரியக்கா தண்ணீரோடு வந்தபோது முகம் கழுவியிருந்தார். டம்ளரை நீட்டினார். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டு சின்னக்காவின் கையில் இருந்தது. அதைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளக் கை நீளும் என்று நினைத்தேன். நீளவில்லை.

சலவைக்கூடத்துப் பெண்கள் அத்தனை பேரையும் ஆய்விலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. வேறு வழியில்லை. எல்லோரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருந்தால் யாரை யாரோடு ஒப்பிடுவது? நீக்கியதற்கான காரணத்தை டாக்டரம்மா ஒளிக்காமல் எழுதினார். இனிமேல் ஒரே இடத்தில் சேர்ந்து சாப்பிடுகிறவர்களைப் பிரிக்காமல், ஒரு கூடத்துக்கு ஒரே பொடி என்று கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார். நான் போய்ச் செய்தியைச் சொன்னபோது சோடாக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்ப பொடியும் கெடையாதா? பிரஷரு இறங்கினவ நான் ஒருத்தி, என் கதி என்ன?”

“உங்களுக்கு எதனால இறங்கிச்சுன்னு யாருக்கும் தெரியாதுக்கா.”

“நல்லாப் படிச்ச போ. ஏறினா ஏன்னு தெரியாது, இறங்கினா ஏன்னு தெரியாது.”

“பயறு வாங்கி வேக வெச்சுச் சாப்பிடச் சொன்னாங்க டாக்டரம்மா. உப்பு கம்மியா. பொடியில இல்லாத நார்ச்சத்தும் அதுல இருக்கு.”

“அதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு, கடைக்காரன் போதுமே!” என்றார். ஆனாலும் மறுவாரம் நான் அந்தப் பக்கம் போனபோது, பாய்லருக்குப் பக்கத்தில், வீணாகப் போகிற சூட்டில், மூடி போட்ட ஒரு பாத்திரத்தில் பயறு வெந்துகொண்டிருந்தது. கரண்டி பெரியக்காவின் கையில் இருந்தது.

அவர் என்னோடு அன்றைக்கு அதிகம் பேசவில்லை. போகும்போது மட்டும், “தம்பி, உங்க வேலையக் கெடுத்துட்டேன்” என்றார்.

“இல்லக்கா” என்றேன். கெட்டது உண்மைதான். ஆனால் அவர் பொடியைக் கலக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த அறையில் எதையும் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். டாக்டரம்மாவும் சைக்கிள் கடை மாடிக்கு ஏறியிருக்கமாட்டார். இதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆய்வு மற்ற இடங்களில் முடிந்தது. பயற்றுப் புரதம் சாப்பிட்டவர்களுக்கு அழுத்தம் சிறிதளவு குறைந்திருந்தது. சிறிதளவுதான். இதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, இன்னும் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதி முடித்தார்.

நடுவக்கா போன மழைக்காலத்தில் மறுபடி ஒருமுறை விழுந்தார். அதிலிருந்து எழவில்லை. அன்றைக்கு நானும் போயிருந்தேன். அவர்மேல் போர்த்த வேண்டிய துணியைப் பெரியக்காவே உருளையில் போட்டு எடுத்து, யார் உதவியும் இல்லாமல் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

பெரியக்கா இன்றைக்கும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை செய்கிறார். உருளையில் ஊட்டுவது அவர், மறுபக்கம் நின்று வாங்கி மடிப்பது இப்போது சின்னக்கா. சின்னக்காவின் மாத்திரையை ஒருமுறை மாற்றிக் கொடுத்தார்கள், தலை சுற்றுகிறது என்று தானே போய்ச் சொன்னதால். தினமும் காலையில் அதை அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். பெரியக்கா பக்கத்தில் இருந்தாலும் பார்ப்பதில்லை. போன மாதம் நான் பார்த்தபோது சின்னக்காவின் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது.